சோடியம் பேட்டரியும் ஒரு கழித்தல் கணக்கும்

கோவைக்குக் கிழக்கே, அரசூர் பக்கம் என் மாமா ஒருவர் சின்னதாக ஒரு ஃபவுண்டரி நடத்துகிறார். பம்பு பாடி, மோட்டார் பாடி வார்க்கிற இடம். முன்பெல்லாம் புதிதாக ஒரு பேட்டர்ன் வந்தால் நாலைந்து முறை ஊற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். ஊற்றி, ஆறவிட்டு, அறுத்துப் பார்த்து, உள்ளே ஓட்டை விழுந்திருந்தால் ரைசரின் (உறையும்போது சுருங்கும் வார்ப்புக்கு உருகிய இரும்பை ஊட்டும் பகுதி) இடத்தை மாற்றி மறுபடியும் ஊற்றுவார்கள். இப்போது உலையில் இரும்பு போடும் முன்பே கம்ப்யூட்டரில் ஊற்றிப் பார்த்துவிடுகிறார்கள். இரும்பு எந்த மூலையில் கடைசியாக உறைகிறதோ அந்த இடம் திரையில் சிவப்பாகத் தெரியும். சுருங்கி ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் விழும்.

போன முறை ஊருக்குப் போய் அந்தத் திரை முன் உட்கார்ந்திருந்தபோது மாமா கேட்டார்: "ஏம் மாப்ளே, உப்புல பேட்டரி செய்யறாங்களாமா? நீ கம்ப்யூட்டர்ல பண்றது அதுதான?"

"ஆமாங் மாமா. நீங்க வார்ப்புக்குப் பண்றத நான் அணுவுக்குப் பண்றனுங்."

"அணுவுல எங்க ஓட்டை உழுகும்?"

அன்றைக்குப் பாதிதான் பதில் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இயற்பியல் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோனவர்களுக்கும் புரிய வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் உப்பு. சாப்பாட்டு உப்பை அள்ளிப் போட்டு யாரும் பேட்டரி செய்வதில்லை. உப்பில் இருக்கும் சோடியம்தான் சங்கதி. பூமியின் மேலோட்டில் எடைக் கணக்கில் சோடியம் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கிறது. லித்தியமோ பத்து லட்சத்துக்கு இருபது பங்கு அளவில்தான். சோடியத்துக்காக எந்த நாட்டின் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் சோடியம் கனமான ஆசாமி. லித்தியம் அணுவின் எடை 7 என்றால் இது 23. அயனியின் ஆரம் லித்தியத்துக்கு 0.76 ஆங்ஸ்ட்ராம், சோடியத்துக்கு 1.02. மின்னழுத்தத்திலும் சோடியம் 0.33 வோல்ட் பின்தங்கியே ஓட்டத்தைத் தொடங்குகிறது. அதனால் ஒரே எடையில் லித்தியம் பேட்டரி கொடுக்கும் அளவுக்கு இது கொடுக்காது. காருக்கு இது பெரிய குறை. தரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பேட்டரிக்கு அவ்வளவு பெரிய குறை இல்லை. பல்லடத்திலிருந்து உடுமலை வரை நிற்கும் காற்றாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வந்து கொட்டும் மாதங்களில் நடு ராத்திரியிலும் அவை சுற்றும், கேட்க ஆள் இருக்காது. அந்த மின்சாரத்தைப் பிடித்து வைக்கிற பெட்டி பத்து டன் இருந்தால்தான் என்ன, பன்னிரண்டு டன் இருந்தால்தான் என்ன?

இன்னொரு லாபமும் உண்டு. லித்தியம் பேட்டரியில் ஒரு பக்கத்துக்குத் தாமிரத் தகடு கட்டாயம், அலுமினியம் போட்டால் லித்தியம் அதோடு கலந்துவிடும். சோடியம் கலப்பதில்லை, இரண்டு பக்கமும் அலுமினியமே போதும். காயில் கட்டக் காப்பர் வாங்குகிற கோயம்புத்தூர் மோட்டார்க்காரர்களிடம் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

பேட்டரிக்குள் நடப்பது போக்குவரத்துதான். ஒரு பக்கம் ஆனோடு, பெரும்பாலும் ஹார்டு கார்பன் என்னும் ஒருவகைக் கரி. மறுபக்கம் கேத்தோடு. சார்ஜ் ஏற்றும்போது சோடியம் அயனிகள் கேத்தோடிலிருந்து கிளம்பி, நடுவில் உள்ள திரவத்தைக் கடந்து, கரிக்குள் போய் ஒண்டிக்கொள்ளும். பேட்டரியைப் பயன்படுத்தும்போது அதே வழியில் திரும்பி வரும். அயனி உள்ளே நடக்க, எலக்ட்ரான் வெளியே ஒயர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். அந்தச் சுற்றுதான் நமக்கு விளக்கெரிக்கிறது. பேட்டரியைச் செய்யும்போது சோடியம் முழுவதும் கேத்தோடில்தான் இருக்கும். எத்தனை வோல்ட், எவ்வளவு கொள்ளளவு, என்ன விலை என்பதில் பெரும்பகுதியைக் கேத்தோடே தீர்மானிக்கிறது. எங்கள் மாதிரி ஆட்கள் அதையே கட்டிக்கொண்டு அழுவது அதனால்தான்.

கேத்தோடுகளில் மூன்று பெரிய குடும்பங்கள்: அடுக்கு ஆக்சைடுகள், பாஸ்பேட் போன்றவை, புரூசியன் நீலத்தின் உறவுக்காரர்கள். துணிக்கும் ஓவியத்துக்கும் பயன்பட்ட அதே நீலச் சாயம்தான் கடைசிக் குடும்பத்தின் மூத்தவர். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே அடுக்கு ஆக்சைடுகளோடு நின்றுகொள்கிறேன். அதை விளக்க நாமக்கல்காரர்கள் ஏற்கனவே ஒரு பொருளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

முட்டை அட்டை

முப்பது முட்டை பிடிக்கும் அட்டை, ஆறுக்கு ஐந்து குழி. முட்டையோடு அடுக்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஓர் அட்டையை நேராக வைத்தால் அதன் மேல் வைக்கும் அட்டையைக் கால் சுற்று திருப்பி வைப்பார்கள். திருப்பாமல் வைத்தால் மேல் அட்டை கீழ் அட்டைக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும், முட்டை நசுங்கும். அதே அட்டை, அதே குழி. அடுக்கும் விதம் மட்டும் மாறினால் நடுவில் கிடைக்கும் இடமே மாறிவிடுகிறது.

அடுக்கு ஆக்சைடும் இப்படித்தான். உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்து அட்டை அட்டையாக இருக்கும். அட்டைகளுக்கு நடுவே முட்டைகளாகச் சோடியம். மேல் அட்டையின் ஆக்சிஜன் முக்கோணமும் கீழ் அட்டையின் ஆக்சிஜன் முக்கோணமும் ஒன்றுக்கொன்று திரும்பி இருந்தால் சோடியத்துக்குக் கிடைப்பது எட்டு முகம் கொண்ட ஓர் அறை. இரண்டும் நேருக்கு நேர் இருந்தால் பட்டக வடிவ அறை. முதல் வகையை 'ஓ' என்றும் இரண்டாவதைப் 'பி' என்றும் குறிப்பார்கள். எத்தனை அட்டைக்கு ஒருமுறை அதே வரிசை திரும்ப வருகிறது என்பதைப் பக்கத்தில் எண்ணாகப் போட்டுவிட்டால் ஓ3, பி2 என்று பெயர் வந்துவிடும். பிரான்சில் கிளோடு டெல்மாஸும் கூட்டாளிகளும் 1980இல் வைத்த பெயர் முறை இது. இன்றும் உலகம் முழுக்க இதுதான் புழக்கம்.

ஓ3 வகையில் ஆரம்பத்திலேயே எல்லா அறையிலும் சோடியம் நிரப்பலாம். ஆனால் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக இடுக்கான சந்தில் புகுந்து போக வேண்டும். பி2 வகையில் அறைக்கு அறை அகலமான சன்னல். சோடியம் சுலபமாகப் போகும், ஆனால் ஆரம்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறைகளில்தான் ஆள் இருக்கும். இருப்பு அதிகம் வேண்டுமா, வேகம் வேண்டுமா என்ற பழைய வம்புதான்.

வம்பு அதோடு முடியாது. சார்ஜ் ஏற ஏறச் சோடியம் வெளியேறும். நடுவில் இருந்த நேர்மின் அயனி போனதும் மேல் ஆக்சிஜனும் கீழ் ஆக்சிஜனும் ஒன்றையொன்று தள்ளும், அட்டைகள் முதலில் கொஞ்சம் விலகும். இன்னும் எடுத்துக்கொண்டே போனால், முட்டை எடுத்த அட்டை போலச் சட்டென்று அமுங்கும். போகிற போக்கில் அட்டைகள் பக்கவாட்டில் வழுக்கி, ஓ வகை பி ஆகும், பி வகை ஓ ஆகும். ஒவ்வொரு சார்ஜுக்கும் இப்படி வழுக்கி, விலகி, அமுங்கினால் துகள்களில் விரிசல் விழும். நிக்கலும் மாங்கனீசும் கலந்த ஒரு புகழ்பெற்ற பி2 ஆக்சைடுக்கு 4.2 வோல்ட் அருகே இந்தக் கண்டம் இருக்கிறது.

மாமா கேட்ட ஓட்டைக்கு இவைதான் பதில். எந்த வோல்டேஜில் அட்டை வழுக்கும், எப்போது அமுங்கும், சோடியம் எந்தச் சந்தில் சிக்கும். கம்ப்யூட்டரில் நாங்கள் தேடும் சிவப்பு இடங்கள் இவை.

எடை மேடையில் ஏற்றுவது

இதையெல்லாம் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: அணுக்கள் இன்ன இன்ன இடத்தில் இருந்தால் மொத்த ஆற்றல் எவ்வளவு? ஆற்றல் குறைவாக இருக்கும் அமைப்பைத்தான் இயற்கை விரும்பும். மேட்டில் ஊற்றிய தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது போல.

ஆற்றலைக் கணக்கிடக் குவாண்டம் சமன்பாடு 1926இலிருந்து கையில் இருக்கிறது. தீர்ப்பதுதான் கஷ்டம். ஓர் இரும்பு அணுவில் மட்டும் 26 எலக்ட்ரான்கள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே இருக்கும். நூறு அணு உள்ள ஒரு பெட்டிக்கு அதை அப்படியே தீர்க்க எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. வால்டர் கோன் என்பவரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1964, 1965 ஆண்டுகளில் ஒரு குறுக்கு வழி காட்டினார்கள். அந்தியூர் குருநாதசாமி தேர்க் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யார் யாரோடு பேசுகிறார், யார் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று ஒவ்வொருவர் பின்னாலும் போவது ஆகிற காரியம் இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு நெரிசல் என்ற ஒரு வரைபடம் இருந்தால் போதும் என்றால் வேலை எவ்வளவு சுருங்கும்! எலக்ட்ரான் விஷயத்தில் அது வெறும் ஆசை இல்லை, மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்கு அந்த நெரிசல் வரைபடமே போதும் என்று அவர்கள் நிரூபித்தார்கள். இதுதான் டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி, சுருக்கமாக டி.எஃப்.டி. இயற்பியலாளரான கோனுக்கு 1998இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஒரு பிடி இருக்கிறது. நெரிசலிலிருந்து ஆற்றலைச் சொல்லும் சூத்திரத்தின் ஒரு சின்னப் பகுதி இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. தோராயமான சூத்திரங்களைத்தான் போட்டு ஓட்டுகிறோம். அப்படியானால் மொத்த ஆற்றல் தப்பாகத்தானே வரும்? வரும். ஆனாலும் பிழைத்துக்கொள்கிறோம். எப்படி என்பதை லாரிக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். எடை மேடை நூறு கிலோ கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி லாரியை அதில் நிறுத்தி எடை போட்டு, லோடு ஏற்றிய பின் அதே மேடையில் நிறுத்தி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் லோடின் எடை சரியாகவே வரும். இரண்டு முறையும் அதே நூறு கிலோ தப்பு, கழிக்கும்போது அதுவும் கழிந்துவிடும்.

கேத்தோடின் வோல்டேஜைக் கணக்கிடுவதும் இதே கழித்தல்தான். எண்களோடு பார்த்துவிடலாம். விளக்குவதற்காக நானே போட்ட எண்கள் இவை, எந்தப் பொருளுடையதும் அல்ல. எட்டுச் சோடியம் உள்ள ஒரு பெட்டிக்கு டி.எஃப்.டி. தரும் ஆற்றல் −200.0 எலக்ட்ரான் வோல்ட் (ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடக்கும்போது கைமாறும் ஆற்றல்தான் ஓர் எலக்ட்ரான் வோல்ட்). எட்டையும் எடுத்துவிட்ட பெட்டிக்கு −164.8. தனியாகச் சோடியம் உலோகத்தில் அணு ஒன்றுக்கு −1.3, எட்டுக்கு −10.4. சோடியம் வெளியேறிய பின் மொத்தம் −175.2. வெளியேறும் முன் −200.0. வித்தியாசம் 24.8. ஒவ்வொரு சோடியத்தோடும் ஓர் எலக்ட்ரான் போகிறது, எட்டால் வகுத்தால் 3.1. இந்தக் கேத்தோடு, சோடியம் உலோகத்தை எதிரே வைத்து அளந்தால், சராசரியாக 3.1 வோல்ட் கொடுக்கும். அவ்வளவுதான். ஒரு கிராம் பொருளைக்கூடச் செய்யாமல் வோல்டேஜ் கையில். லித்தியம் கேத்தோடுகளுக்கு இந்தக் கணக்கை எம்.ஐ.டி.யில் கெர்பிராண்ட் சீடரின் குழு 1997இல் போட்டுக் காட்டியது, சோடியத்துக்கும் அதே சூத்திரம்தான்.

முதல் முறை இதைப் போட்டு விடை வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாம் முறை என் வாழ்க்கையின் ஒன்பது நாள் வீணானது. அதையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விழும் குழி அது. மாங்கனீசு, இரும்பு போன்ற உலோகங்களில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். மூன்று எலக்ட்ரான் இழந்த மாங்கனீசில் அப்படி நான்கு. 'காந்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்' என்று உள்ளீட்டில் ஒரு வரி எழுத வேண்டும். நான் எழுதவில்லை. கல்லூரிக் கம்ப்யூட்டர் வரிசையில் காத்திருந்து, ஒன்பது நாள் ஓட்டி, வந்த வோல்டேஜ் சோதனையில் அளந்ததிலிருந்து ஒரு வோல்ட்டுக்கு மேல் தள்ளி நின்றது. கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் கொடுக்கவில்லை. காந்தமே இல்லாத ஒரு மாங்கனீசு உலகத்துக்கு அது சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தது.

காந்தத்தைச் சரியாகக் கொடுத்தாலும் இன்னொரு தொல்லை மிச்சம். சோடியம் போகும்போது ஓர் எலக்ட்ரானும் போகிறது, அது உலோகத்திலிருந்து போகிறது. இரும்பு, மாங்கனீசு மாதிரி உலோகங்களின் வெளி எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு இருப்பவை. தோராயச் சூத்திரம் அவற்றைத் தேவைக்கு மேல் பரப்பிவிடும். எலக்ட்ரான் இருக்கும்போது வரும் தப்பும் போன பிறகு வரும் தப்பும் ஒரே அளவு இல்லை. காலி லாரியை ஒரு மேடையிலும் லோடு லாரியை வேறு மேடையிலும் நிறுத்திய கதைதான். கழித்தாலும் கழியாது. வோல்டேஜ் பலமுறை அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்து வரும். இதற்கு 'யு' என்று ஒரு திருத்தம் சேர்ப்பார்கள். ஓர் உலோக அணுவிலேயே எலக்ட்ரான்கள் நெருக்கிக்கொண்டு இருப்பதற்கு ஒரு தனிக் கட்டணம் போடுவது போல. எந்த உலோகத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பதில் குழுவுக்குக் குழு பேதம் உண்டு. ஓர் ஆய்வுக் கட்டுரையில் வோல்டேஜைப் பார்த்தால் முதலில் யு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதைச் சொல்லாத கட்டுரையை நான் மூடி வைத்துவிடுவேன்.

பதினைந்து கோடி விதம்

மேலே போட்ட கணக்கில் எட்டும் உள்ளே, அல்லது எட்டும் வெளியே. நடுவழியில் என்ன ஆகும்? பாதி சார்ஜில் பாதி அறை காலி. எந்தப் பாதி?

முட்டை அட்டைக்கே வருவோம். முப்பது குழியில் பதினைந்து முட்டையை எத்தனை விதமாக வைக்கலாம்? 15 கோடியே 51 லட்சத்து 17 ஆயிரத்து 520. திருப்பிப் பார்த்தால் ஒன்றாகத் தெரிபவற்றை நீக்கினாலும் கோடிக் கணக்கில் நிற்கும். ஒரு விதத்துக்கு டி.எஃப்.டி. ஓட்ட ஒரு மணி நேரம் என்றாலும் ஆயுள் போதாது. ஆனால் சோடியம் அயனிகள் ஒன்றையொன்று தள்ளுபவை, உருவத்திலும் பெரியவை. அதனால் அவை கண்டபடி உட்காராது, கோலப் புள்ளி மாதிரி ஒழுங்காக உட்காரப் பார்க்கும். ஒவ்வோர் ஒழுங்குக்கும் வோல்டேஜ் வரைபடத்தில் ஒரு படி விழும். சோடியம் பேட்டரிகளின் வரைபடம் படிக்கட்டு மாதிரி இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செய்வது என்னவென்றால், சில நூறு விதங்களுக்கு மட்டும் டி.எஃப்.டி. ஓட்டுவது. அவற்றிலிருந்து, பக்கத்துப் பக்கத்து அறையில் இரண்டு சோடியம் இருந்தால் இவ்வளவு செலவு, ஓர் அறை விட்டு இருந்தால் இவ்வளவு என்று ஒரு விலைப் பட்டியல் தயாரிப்பது. அப்புறம் மீதிக் கோடிகளுக்கு அந்தப் பட்டியலை வைத்துக் கூட்டிக்கொண்டே போகலாம், நொடியில் ஆயிரக்கணக்கில் முடியும். கிளஸ்டர் எக்ஸ்பான்ஷன் என்பது இந்த விலைப் பட்டியலின் பெயர். அதோடு மாண்டே கார்லோ முறையை (சோடியத்தைக் குலுக்கல் முறையில் இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பது) சேர்த்து, சூடு ஏறினால் ஒழுங்கு எப்போது கலையும் என்றும் பார்ப்பார்கள்.

பாகப் பிரிவினை

வோல்டேஜ் நன்றாக வந்தால் மட்டும் போதாது. அந்தப் பொருள் உலகத்தில் இருக்கச் சம்மதிக்குமா? அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு லாபம் என்றால் கூட்டுக் குடும்பம் எத்தனை நாள் நிற்கும்? அதே தனிமங்களைக் கொண்ட வேறு சேர்மங்களாகப் பிரிந்தால் மொத்த ஆற்றல் குறையுமா என்று பார்க்க வேண்டும். குறையும் என்றால் எவ்வளவு? அணு ஒன்றுக்கு 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரை போனால் போகிறது என்று விடுவது பலர் கையாளும் கைக்கணக்கு. அதற்கு மேல் போனால் கழித்துவிடலாம். சோடியம் எடுத்த பிறகு மிஞ்சும் பொருளுக்கும் இதே சோதனை வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் இரும்பு பாஸ்பேட். லித்தியத்தோடு சேர்ந்த இரும்பு பாஸ்பேட் இன்று மின்சார வண்டிகளில் சக்கைப்போடு போடுகிறது. லித்தியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போட்டால் ஆயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சோடியம் போட்டுச் சுட்டால் அணுக்கள் வேறு மாதிரி அடுக்கிக்கொண்டு, மாரிசைட் என்ற வேறொரு வடிவத்துக்குப் போய்விடும். அதில் சோடியம் வெளியே வர வழியே சரியாக இல்லை. எந்த வடிவத்தை எது விரும்புகிறது என்பதை டி.எஃப்.டி. ஆற்றல் கணக்கு சரியாகவே சொல்கிறது.

கணவாய்

வழி என்றதும் கணவாய்தான் நினைவுக்கு வருகிறது. வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் சில நூறு மீட்டருக்குள் அடங்கும் பாலக்காட்டு இடைவெளி. மலையின் சராசரி உயரம் என்ன என்று காற்று கேட்பதில்லை, வண்டியோட்டியும் கேட்பதில்லை. மிகத் தாழ்ந்த வழியில் மிக உயர்ந்த இடம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

சோடியம் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தாவும்போதும் அதே கேள்வி. கம்ப்யூட்டரில் இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு ரப்பர் கயிறு கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றில் ஐந்தாறு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சும் சோடியம் வழியில் நிற்கக்கூடிய ஓரிடம். கயிறு தானாக வழுக்கித் தாழ்ந்த வழியில் போய்ப் படியும்வரை ஓட்டினால், உச்சியில் நிற்கும் முடிச்சு தடையின் உயரத்தைச் சொல்லிவிடும். இந்த உயரத்தில் சின்ன வித்தியாசம்கூடப் பெரிய விளைவு தரும். அறை வெப்பத்தில் 0.06 எலக்ட்ரான் வோல்ட் கூடினால் தாவும் வேகம் பத்தில் ஒன்றாகும். 0.3 கூடினால் சுமார் ஒரு லட்சத்தில் ஒன்று.

பெரிய அயனியான சோடியம் சின்ன அயனியான லித்தியத்தைவிட மெதுவாகத்தான் போகும் என்று நானும் நினைத்திருந்தேன். 2011இல் சீடரின் குழு இரண்டையும் ஒரே மாதிரிக் கட்டமைப்புகளில் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தது. சோடியத்தின் வோல்டேஜ் 0.18 முதல் 0.57 வோல்ட் வரை குறைந்து வந்தது, அது எதிர்பார்த்ததே. ஆனால் அடுக்குக் கட்டமைப்புகளில் சோடியத்தின் தடை லித்தியத்தைவிடத் தாழ்வாகவும் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. குண்டான ஆள் வருகிறார் என்று வாசலை அகலமாக வைத்த வீட்டில் அவரே சுலபமாக உலாவுகிறார். அட்டைகளுக்கு நடுவே இடைவெளியை விரித்து வைப்பதும் அந்தச் சோடியம்தான்.

நம்மூர்க்காரனாக எனக்குப் பிடித்த உலோகம் இரும்பு. நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இரும்பு உருக்கியிருக்கிறார்கள், சேலம் கஞ்சமலையில் இன்றும் இரும்புத் தாது கிடக்கிறது. சோடியம், இரும்பு, ஆக்சிஜன் மட்டும் சேர்ந்த ஓ3 ஆக்சைடுக்குக் காகிதக் கணக்கில் கிராமுக்கு 242 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு. விலை உயர்ந்த கோபால்டு இல்லை, நிக்கல் இல்லை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் பாதிச் சோடியத்தைக்கூட நிம்மதியாக எடுக்க முடிவதில்லை. இடம் காலியானதும் இரும்பு தன் அட்டையை விட்டு நகர்ந்து, சோடியம் அடுக்கில் உள்ள ஒரு சின்ன இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரும்பி வந்த சோடியம் தன் வழியில் இரும்பைப் பார்க்கும்.

சராசரி வோல்டேஜ் கணக்கு இதைக் காட்டாது. இரும்பு நகர்ந்தால் என்ன ஆகும் என்று நாமாக அதை நகர்த்தி வைத்துக் கேட்டால்தான் சொல்லும். இந்த வேலையில் கைத்திறன் என்று ஒன்று இருந்தால் அது இதுதான், எதைக் கேட்பது என்று தெரிந்திருப்பது. இரும்போடு மாங்கனீசைச் சரிபாதி கலந்து பி2 வகையாகச் செய்து, கிராமுக்கு 190 மில்லி ஆம்பியர் மணி எடுத்துக் காட்டியது டோக்கியோவில் ஷினிச்சி கோமாபாவின் குழு, 2012இல். அன்றிலிருந்து அந்தக் கலவைக்குள் கொஞ்சம் நிக்கல், கொஞ்சம் மக்னீசியம், கொஞ்சம் டைட்டானியம் என்று போட்டுப் பார்க்காத ஆள் இல்லை. எதை எவ்வளவு போடலாம் என்ற பட்டியல் முடிவில்லாமல் நீளும், அங்கேதான் கம்ப்யூட்டர் சோறு போடுகிறது.

இப்போது இயந்திரக் கற்றலும் வந்துவிட்டது. டி.எஃப்.டி.யில் அணுக்கள் இரண்டு மடங்கானால் நேரம் சுமார் எட்டு மடங்காகும், அதனால் நூறு இருநூறு அணுவுக்கு மேல் போவது கஷ்டம். லட்சக்கணக்கான டி.எஃப்.டி. விடைகளைப் படித்துப் பழகிய எம்3ஜிநெட், சி.எச்.ஜி.நெட் போன்ற மாதிரிகள் 2022, 2023இல் வெளியாயின. ஆயிரக்கணக்கான அணுக்களையும் அவை நிமிடத்தில் பார்த்துச் சொல்லும். படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்தால் தைரியமாகத் தப்பாகவும் சொல்லும். நம் பிள்ளைகளைப் போலத்தான்.

யாருக்காவது ஆசை வந்திருந்தால், தொடங்கப் பணம் வேண்டாம். மெட்டீரியல்ஸ் புராஜெக்ட் என்ற தளம் 2011இலிருந்து இலவசமாக இருக்கிறது, கணக்கிட்ட ஆற்றல்கள் அதில் குவிந்து கிடக்கின்றன. டி.எஃப்.டி. ஓட்டும் குவாண்டம் எஸ்பிரெஸோ என்ற மென்பொருளும் இலவசம். முதல் நாளே பி2 ஆக்சைடில் கை வைக்காதீர்கள். வெறும் சோடியம் உலோகத்தை எடுத்து, அணுக்களுக்கு இடையிலான தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, எந்தத் தூரத்தில் ஆற்றல் குறைவு என்று ஒரு வரைபடம் போடுங்கள். சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். கிண்ணம் மாதிரி ஒரு வளைவு வந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள். அப்புறம் மாங்கனீசுக்குப் போகும்போது அந்தக் காந்த வரி.

மாமாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. எடை மேடை வரைக்கும் சொன்னேன், தலையாட்டினார். கம்ப்யூட்டர் சொல்லாதது என்ன என்று கேட்டார். அடுக்கு ஆக்சைடுகளில் பல, காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மேற்பரப்பில் கெட்டுப்போகும், நாங்கள் போடும் பெட்டிக்குள் காற்றே கிடையாது என்றேன். அவருக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. மோல்டு மணலில் ஈரம் கூடிப்போய் ப்ளோ ஹோல் விழுந்த ஒரு லாட்டைக் காட்டினார். திரையில் அந்த வார்ப்பு சுத்தமாகத்தான் வந்திருந்ததாம்.

"செரி, நூறு மாடல் போட்டீன்னா எத்தனை தேறும்?"

"ஒண்ணு ரெண்டு தேறுனாப் பெருசுங் மாமா. மிச்சத்தையெல்லாம் கழிக்கறதுதானுங் வேலையே."

மாமா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நூத்துக்கு தொண்ணூத்தெட்டு ரிஜெக்‌ஷனா! அந்தக் கணக்குல நான் ஃபவுண்டரி நடத்துனா, உங்கத்தை என்னையத்தான் மொதல்ல ஊட்டை உட்டுக் கழிச்சுடுவா" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஹீட் ரெடியா என்று பார்க்க எழுந்து போனார்.